நாய்க்கு அலர்ஜி: எது அவசரம், எதற்கு அவகாசம் உண்டு

நாய்க்கு வரும் அலர்ஜியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தேனீ கொட்டியதும் அல்லது ஊசி போட்டதும் நிமிடக் கணக்கில் வருவது. இன்னொன்று, மாதக் கணக்கில் சொறியவும் நக்கவும் வைப்பது. முதல் வகையைப் பற்றிய பதில்களை நாய் நலமாக இருக்கும்போதே படித்துவிடுங்கள். அது மயங்கிக் கிடக்கும் நேரத்தில் படிக்க முடியாது.

காலையில் நன்றாக இருந்த நாய்க்குத் திடீரென்று முகம் வீங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தா?

உதடு தடித்து, கண்ணிமை உப்பி, மூக்குத்தண்டு பருத்து முகமே மாறிப்போயிருக்கும். சில நாய்களுக்கு உடம்பெல்லாம் சின்னச் சின்னத் திட்டுகளாகத் தடிப்பு எழும்பும். முடி குட்டையான நாயில் இது கண்ணுக்கே தெரியும். முடி அடர்ந்த நாயில் முதுகிலும் விலாவிலும் உள்ளங்கையால் தடவினால் மேடு மேடாகத் தட்டுப்படும். பூச்சிக்கடி, தடுப்பூசி, புதிய மருந்து ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பெரும்பாலும் கடித்த 20 நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் தொடங்கி ஒரு நாளுக்குள் வடிந்துவிடும்.

நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, வாந்தி இல்லை, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது என்றால் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. கழுத்துப்பட்டையை உடனே கழற்றிவிடுங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் பட்டை இறுக்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த அவகாசத்தைக் கொடுக்காதீர்கள். அவற்றின் மூச்சுவழி ஏற்கெனவே குறுகல் என்பதால் சிறு வீக்கமே அடைத்துவிடும்.

அப்படியானால் உண்மையான அவசரத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

வயிற்றை வைத்து. மனிதர்களுக்குக் கடுமையான அலர்ஜி வந்தால் தொண்டை அடைக்கும், மூச்சு திணறும். நாய்க்கு முதலில் அடிபடுவது கல்லீரலும் குடலும். அலர்ஜியின்போது குடல் பகுதியிலிருந்து வெளியாகும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் நேராகக் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து இரத்தம் வெளியேறும் நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. இரத்தம் வயிற்றுக்குள் தேங்கி நின்று, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, இரத்த அழுத்தம் சரிகிறது. அதனால்தான் தேனீ கொட்டிய சில நிமிடங்களில் நாய் வாந்தி எடுக்கிறது, நின்ற இடத்திலேயே மலம் கழிக்கிறது, பேதியில் இரத்தம் கலந்து வருகிறது, பின்னங்கால் தள்ளாடிச் சரிகிறது. இந்த நாய்களில் பலவற்றுக்கு முகத்தில் வீக்கமே இருக்காது. வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் வீட்டில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் கேட்காமல் வண்டியை எடுங்கள்:

– கொட்டு, ஊசி அல்லது புதிய மருந்துக்குப் பின் திடீர் வாந்தி, பேதி
– தள்ளாட்டம், மயக்கம், கூப்பிட்டால் எழாத சோர்வு
– வெளுத்த அல்லது சாம்பல் நிற ஈறு
– வாய் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விடுதல், மூச்சில் விசில் அல்லது கரகரச் சத்தம்
– காதும் பாதமும் சில்லென்று ஆவது

ஈறைப் பார்க்கும் முறை: மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழிமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். நாடியைத் தொடையின் உள்பக்கம், இடுப்போடு சேரும் இடத்தில் பிடிக்கலாம். 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வில் பெரிய நாய்க்கு 60 முதல் 100, சிறிய நாய்க்கு 100 முதல் 140 வரை இயல்பு. நலமாக இருக்கும் ஒரு நாளில் உங்கள் நாயின் எண்ணை எடுத்துக் குறித்து வையுங்கள். ஒப்பிடுவதற்கு அதுதான் உதவும்.

போகும் வழியில் என்ன செய்ய வேண்டும்?

கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து, “தேனீ கொட்டி 10 நிமிடம் ஆகிறது, வாந்தி எடுக்கிறது, எடை 22 கிலோ” என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மருந்தை அளந்து வைத்திருப்பார்கள். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையும் கழுத்தும் நேராக நீண்டிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க விடாதீர்கள். கெட்டியான போர்வையில் கிடத்தி இரண்டு பேர் தூக்கலாம். வாயைக் கட்டக் கூடாது. தண்ணீர், பால், மோர், மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ திணிக்கவோ வேண்டாம். மயங்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போகும்.

அங்கே முதலில் கொடுக்க வேண்டியது அட்ரினலின். அளவு, கிலோ எடைக்கு 0.01 மி.கி. ஒரு மில்லியில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில் 10 கிலோ நாய்க்கு 0.1 மில்லிதான் வரும். புள்ளி ஓர் இடம் தள்ளினால் பத்து மடங்கு உள்ளே போய் இதயத்தைப் பாதிக்கும் என்பதால் இதை வீட்டில் முயலக் கூடாது. கூடவே டிரிப்ஸ், ஆக்சிஜன். ஏவில் (அலர்ஜி எதிர்ப்பு மருந்து), ஸ்டீராய்டு ஊசிகள் துணை மருந்துகள். அவை தாமதமாக வேலை செய்பவை. சரிந்த இரத்த அழுத்தத்தைத் தூக்காது. நாய் தேறி எழுந்த பிறகும் சில மணி நேரத்தில் அதே அறிகுறிகள் திரும்பலாம். மருத்துவர் ஓர் இரவு வைத்திருக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

இரவில் எங்கே போவது என்பதை இன்றே முடிவு செய்து வையுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் உள்ளதிலும் ஒரு தனியார் மருத்துவமனையிலும் இரவு நேரம் என்ன என்று முன்கூட்டியே கேட்டு, இரண்டு எண்களையும் கைபேசியில் போட்டு வைப்பது நல்லது.

தேனீ கொட்டியது. கொடுக்கை எப்படி எடுப்பது?

தேனீ மட்டும்தான் கொடுக்கை விட்டுவிட்டுப் போகும். குளவியும் கதண்டும் விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நஞ்சுப்பை முதல் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலான நஞ்சை இறக்கிவிடுகிறது. அதனால் நகத்தாலோ அட்டையின் விளிம்பாலோ, கைக்கு எது கிடைக்கிறதோ அதால் உடனே வழித்துவிடுங்கள். இடுக்கி தேடி வீட்டுக்குள் ஓடுவதில் பயனில்லை. பிறகு துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு தடவும் பழக்கம் வேண்டாம். நாய் நக்கி வாய் வெந்துபோகும். வாய்க்குள் கொட்டியிருந்தால், நாக்கும் தொண்டையும் வீங்க வாய்ப்பு உண்டு என்பதால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு.

மலைத்தேனீக் கூட்டம் கலைந்து நூற்றுக்கணக்கில் கொட்டினால் அது அலர்ஜியைத் தாண்டி நேரடி நஞ்சேற்றம் ஆகிவிடும். அன்று தேறிய நாய்க்கும் அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகலாம். இரத்த அணுக்களும் தசையும் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதன் அறிகுறி அது. உள்நோயாளியாகச் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை.

முகவீக்கம் என்றாலே அலர்ஜிதானா?

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கவே கூடாது. புதரில் மூக்கை நுழைத்த நாயைக் கண்ணாடி விரியன் கடித்தாலும் முகம்தான் வீங்கும். அலர்ஜி வீக்கம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பரவும், அரிக்கும், தொட்டால் பெரிதாக வலிக்காது. விரியன் கடி பெரும்பாலும் ஒரு பக்கம் தொடங்கி, வேகமாகப் பெருத்து, தொடவே விடாத வலியோடு இருக்கும். தோல் நீலம் பாரிக்கும், கடிவாயில் இரத்தம் உறையாமல் கசியும். நல்ல பாம்பு கடித்தால் வீக்கத்தைவிட, இமை தொங்குவது, எச்சில் ஒழுகுவது, கால் துவள்வது முன்னே நிற்கும். சந்தேகம் வந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்துக் காத்திருக்காமல் நஞ்சுமுறிவு மருந்து உள்ள இடத்துக்குப் போங்கள்.

கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் நாள் கணக்கில் மெல்ல வீங்கினால் பல் வேரில் சீழ் பிடித்திருக்கலாம். தேரையைக் கவ்விய நாய்க்கும் கம்பளிப்பூச்சியை முகர்ந்த நாய்க்கும் எச்சில் நுரைத்து ஒழுகும். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் திரும்பத் திரும்பத் துடையுங்கள். குழாயை வாய்க்குள் திருப்பிவிடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் செட்டிரிசின் கொடுக்கலாமா?

தடிப்பும் லேசான முகவீக்கமும் மட்டுமே என்றால், மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மி.கி., நாளுக்கு ஒரு முறை, 20 மி.கி.க்கு மேல் கூடாது. 10 கிலோ நாய்க்கு ஒரு 10 மி.கி. மாத்திரை என்று கணக்கு. வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். வாந்தியும் மயக்கமும் உள்ள நாய்க்கு இது எந்த விதத்திலும் மாற்று ஆகாது. சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு உள்ள நாய், சினை நாய், குட்டி ஆகியவற்றுக்குக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

அட்டையைத் திருப்பி உட்பொருளைப் படிக்காமல் கொடுக்கவே கூடாது. பெயரில் ‘கோல்ட்’, ‘பிளஸ்’, ‘டி’ என்று இருக்கும் சளி மாத்திரைகளில் பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கலந்திருக்கும். பாராசிட்டமால் கல்லீரலை அழிக்கும். சூடோஎஃபெட்ரின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். சர்க்கரை இல்லாத சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தாகக் குறைக்கும். இருமல் சிரப்புகளையும் தவிருங்கள்.

தடுப்பூசி போட்ட பின் வீங்கியது. இனிமேல் ஊசியே வேண்டாமா?

ரேபிஸ் உள்ள நாட்டில் அந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள். எந்த ஊசி, எந்த நிறுவனம், எந்தத் தொகுப்பு எண், எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஊசி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை ஒரே நாளில் பல ஊசிகளைப் போடாமல் சில வார இடைவெளியில் பிரித்துப் போடலாம், முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம், வேறு நிறுவனத்தின் ஊசிக்கு மாறலாம். சிறிய உடம்புள்ள நாய்களுக்கு ஒரே நாளில் பல ஊசிகள் போடும்போதுதான் இந்த எதிர்விளைவு கூடுதலாக வருகிறது. எந்த நாயானாலும் காலையில் போட்டுக்கொண்டு, 30 நிமிடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டியும் ஒரு நாள் சோர்வும் அலர்ஜி ஆகாது. முன்பு மயங்கிச் சரியும் அளவுக்குப் போன நாய் என்றால் கணக்கே வேறு. எந்த ஊசி தேவை என்பதை மருத்துவரோடு ஒவ்வொன்றாகப் பேசுங்கள்.

நாள் முழுக்கச் சொறிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

எங்கே சொறிகிறது என்பதைப் பாருங்கள். முதுகின் கடைசிப் பகுதி, வாலடி, பின்தொடை என்றால் தெள்ளுப்பூச்சி. பாதம், அக்குள், அடிவயிறு, காது, முகம் என்றால் தூசிப்பேன் போன்ற சுற்றுப்புற அலர்ஜி அல்லது உணவு அலர்ஜி. இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. அடிக்கடி காது சீழ் பிடிப்பது, ஒரு நாளில் பலமுறை மலம் கழிப்பது ஆகியவை இருந்தால் உணவின் மேல் சந்தேகம் கூடும். சுற்றுப்புற அலர்ஜி பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பக், ஷிட்சு, ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் நிறையப் பார்க்கலாம். வெள்ளை முடியுள்ள நாயின் பாதம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால், ஆள் இல்லாத நேரத்தில் நக்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

வரிசை முக்கியம்: முதலில் பூச்சி, அடுத்து தோலில் கிருமியும் பூஞ்சையும், பிறகு உணவு, கடைசியில்தான் சுற்றுப்புறம். இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பவர்கள் இரண்டு வருடம் கழித்து மறுபடி முதல் படிக்கு வந்து நிற்பதுதான் வழக்கம்.

எங்கள் நாயிடம் ஒரு தெள்ளுப்பூச்சிகூட இல்லையே?

இதற்கு அலர்ஜி உள்ள நாய்க்கு ஓரிரு கடி போதும். சொறிந்து, கடித்துப் பூச்சியை அதுவே விழுங்கிவிடும். வாலடி முடியைச் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

நாயின் மேல் ஓடும் பூச்சி மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் மெத்தை இடுக்கிலும் கால்மிதியிலும் தரை வெடிப்பிலும் இருக்கின்றன. கூட்டுப்புழு பல வாரம் அசையாமல் காத்திருக்கும். அதனால் ஒரு மாதம் மருந்து போட்டு நிறுத்தினால் தோல்விதான். மாதம் ஒரு முறை கொடுக்கும் அஃபாக்ஸோலனர் அல்லது 12 வாரம் நிற்கும் ஃப்ளூராலனர் மாத்திரையை, வீட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் சேர்த்து, குறைந்தது 3 மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். விரிப்புகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனையைக் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். நம் வெயிலில் பூச்சிக்கு ஓய்வு மாதம் கிடையாது, பாதுகாப்பும் ஆண்டு முழுக்க வேண்டும்.

கோழிதான் காரணம் என்கிறார்கள். நிறுத்தினால் போதுமா?

உணவு அலர்ஜியில் அதிகம் பிடிபடுபவை மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. கோழியை மட்டும் நிறுத்திவிட்டுத் தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டும் தொடர்ந்தால் எதுவும் தெரிய வராது. செய்ய வேண்டியது விலக்கு உணவுச் சோதனை. நாய் இதுவரை தின்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். அதில் இல்லாத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள் என்று தேர்ந்தெடுங்கள். மீன் தின்னாத நாய்க்கு மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஏற்றவை. கோழிக்குப் பதில் வாத்து, மாட்டுக்குப் பதில் ஆடு என்று மாறுவதில் பயன் குறைவு. உறவுள்ள இறைச்சிகளை உடல் ஒன்றாகவே எண்ணக்கூடும்.

10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்குச் சுமார் 200 கிராம் முள் நீக்கிய வெந்த மீன், 350 கிராம் வெந்த கிழங்கு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்று தொடங்கி, வாரம் ஒரு முறை எடை பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நஞ்சு. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அது வேக வைத்தாலும் போகாது, சோதனையையே குழப்பும். பச்சென்று இருக்கும் மீனை மட்டும் வாங்குங்கள். இந்தச் சமையல் முழுச் சத்துணவு கிடையாது. சில வாரங்களுக்குப் போதும். நீடித்தால் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமினும் சேர்க்க வேண்டும். குட்டிகளுக்கு மருத்துவர் தரும் ஹைட்ரோலைஸ்டு (புரதத்தை நுண்துண்டுகளாகச் சிதைத்த) உணவே சரி.

குறைந்தது 8 வாரம், வேறு எதுவும் இல்லாமல். இந்த “வேறு எதுவும்” என்பதில்தான் பெரும்பாலான சோதனைகள் உடைகின்றன. தாத்தா கொடுக்கும் பிஸ்கட், பக்கத்து வீட்டு எலும்பு, பூனைத் தட்டு, இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை எல்லாமே கணக்கில் வரும். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அரிப்பு குறைந்தால் பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். 14 நாளுக்குள் அரிப்பு திரும்பினால்தான் உறுதி. இந்தப் படியைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். விட்டால், அரிப்பு குறைந்தது உணவாலா, அதே சமயம் போட்ட பூச்சி மருந்தாலா என்று தெரியாமலே போய்விடும்.

இரத்தம் எடுத்து அலர்ஜி டெஸ்ட் செய்தால் தெரியாதா?

உணவுக்குச் செய்யும் இரத்த, முடி, எச்சில் சோதனைகளை நம்ப முடியாது. பணத்தை மிச்சப்படுத்துங்கள். சுற்றுப்புற அலர்ஜிக்கான தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் வேறு வேலைக்கு: நோய் உறுதியான பின், எதை வைத்துத் தடுப்பாற்றல் ஊசி (அலர்ஜிப் பொருளுக்கு உடலைப் பழக்கும் ஊசி) தயாரிப்பது என்று தேர்வு செய்ய. அந்த ஊசி பலன் தருகிறதா என்று பார்க்க ஓராண்டு வரை பொறுக்க வேண்டும்.

ஒரு ஊசி போட்டால் ஒரு மாதம் சொறிவதில்லை. அதையே தொடரலாமா?

அது பெரும்பாலும் நீண்ட நாள் நிற்கும் ஸ்டீராய்டு. அரிப்பு நிற்பது உண்மை. நாய் அதிகம் தண்ணீர் குடிக்கிறது, வீட்டுக்குள் சிறுநீர் போகிறது, எப்போதும் பசிக்கிறது என்றால் அதன் விளைவு. மாதாமாதம் போட்டால் வயிறு தொங்கும், தோல் மெலியும், சர்க்கரை நோய் வரலாம், அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். உள்ளே போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. பிரெட்னிசலோன் மாத்திரை என்றால் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். திடீரென்று நிறுத்தக் கூடாது, மெலோக்சிகாம் போன்ற வலி மாத்திரையோடு சேர்க்கவும் கூடாது. ஓராண்டு நிறைந்த நாய்க்கு ஒக்லாசிட்டினிப் மாத்திரை இன்னொரு வழி. கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மி.கி., முதலில் 14 நாள் வரை இரு வேளை, பிறகு ஒரு வேளை. கடுமையான தொற்று இருக்கும்போது கொடுப்பதில்லை. ஊசி போடும் இடத்தில் “இது என்ன மருந்து, எத்தனை நாள் நிற்கும்” என்று பெயரை எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

எந்தச் சோப்பு, எத்தனை முறை குளியல்?

மனிதச் சோப்பு வேண்டாம். தோலில் பருவும் எண்ணெய்ப் பிசுக்கும் நாற்றமும் இருந்தால் 2 முதல் 4 சதவீத குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு, வாரம் இரு முறை, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில். நுரை 10 நிமிடம் தோலில் நிற்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே அலசுங்கள். 2 நிமிடத்தில் கழுவிவிட்டு “ஷாம்பு வேலை செய்யவில்லை” என்பவர்களே அதிகம். விரல் இடுக்கு வரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை. நடைக்குப் பின் நான்கு பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது சிறிய வேலை, பெரிய பலன்.

வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், கழிவு ஆயில் தடவலாமா?

மண்ணெண்ணெயும் கழிவு எஞ்சின் ஆயிலும் தோலை வேக வைக்கும், நக்கினால் நஞ்சு, நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. புண்ணான தோலில் வேப்பெண்ணெயும் எரியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த படர்தாமரை களிம்பு சொறிப்பூச்சி நோயை மறைத்துப் பரவ விடும்.

நாய்க்கு வந்த அரிப்பு வீட்டில் எங்களுக்கும் வருகிறதே?

அலர்ஜி ஒட்டாது. வீட்டாருக்கு இடுப்பிலும் முன்கையிலும் அரிக்கும் சிவப்புப் புள்ளிகள் வந்தால், நாய்க்கு இருப்பது சர்காப்டிக் சொறி (சொறிப்பூச்சி நோய்) அல்லது தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். வட்டமான திட்டு என்றால் படர்தாமரை. சொறியில் காது மடலின் விளிம்பும் முழங்கை முனையும் முதலில் முடி உதிரும். காது மடலை மடித்து விரலால் தேய்க்கும்போது நாய் பின்னங்காலை உதறிச் சொறிய முயன்றால் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் பூச்சி அகப்படாமலும் போகலாம். அதனால் மருந்து கொடுத்தே பார்ப்பது வழக்கம். ஐவர்மெக்டின் ஊசி என்று பேச்சு வந்தால், நாய் கோலி இனமா, கோலிக் கலப்பா என்று முதலில் சொல்லுங்கள். மரபணுக் குறையால் அவற்றின் மூளைக்குள் அந்த மருந்து புகுந்து உயிரையே எடுக்கக்கூடும். மற்ற நாய்களுக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும், படுக்கையைத் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். உங்கள் தோலுக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். நாயின் மருந்தை நீங்கள் பூசிக்கொள்ள வேண்டாம்.